மூல நிரல் திறந்தது, சாதனம் பூட்டியது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட்டர், டிவி, போன், கார் என்று நாம் வாங்கும் பொருள்கள் பலவற்றுக்குள், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலோ வேறு ஏதாவது திறந்த மூல மென்பொருளோ ஓடுகிறது. ஆனாலும் நாம் மாற்றிய மென்பொருளை அவற்றில் ஏற்ற முடிவதில்லை. இதைப் பற்றி மாணவர்களும் டெவலப்பர்களும் சாதாரணப் பயனர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மூல நிரல்தான் இணையத்தில் கிடைக்கிறதே, அப்புறம் என்ன குறை?

மூல நிரல் என்பது புரோகிராமர் எழுதிய வடிவம். அதைப் படிக்கலாம், மாற்றலாம், கம்பைல் செய்யலாம். ஆனால் மாற்றியதை உங்கள் சாதனத்தில் ஓட்ட முடியாது. குறை அதுதான்.

கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்தார். ஒரு மென்பொருளைக் கட்டற்றது என்று சொல்ல, அவர் தொடங்கிய இயக்கம் நான்கு உரிமைகளைக் கேட்கிறது: எந்த நோக்கத்துக்காகவும் ஓட்டுவது, படித்து மாற்றுவது, பிறருக்குப் பிரதி கொடுப்பது, மாற்றிய பிரதியையும் கொடுப்பது. அன்றைக்கு மூல நிரலும் அனுமதியும் கிடைத்துவிட்டால் இந்த நான்கும் தானாக வந்துவிடும். உங்கள் நிரலை ஓட்ட மாட்டேன் என்று கணினி மறுக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மென்பொருளைக் கொடுப்பவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் க்னூ உரிமமான ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பு 1991-ல் எழுதப்பட்டபோதும் நிலைமை அதுதான்.

உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தை நம்பி நிற்கிறது. இன்னது செய்யலாம் என்று அதனால் அனுமதி தர முடியும். அனுமதி இருந்தும் சிப் மறுத்தால், அந்த அனுமதி காகிதத்தில்தான் இருக்கும்.

வன்பொருள் பூட்டு எப்படி வேலை செய்கிறது?

சாதனத்தை ஆன் செய்ததும், தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் எழுதப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் ஓடும். அதை யாராலும் மாற்ற முடியாது. அது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை எடுத்து, அதில் உற்பத்தியாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான பொதுச் சாவியின் அடையாளம் சிப்பில் ஈ-ஃபியூஸ் என்னும் நுண்ணிய இணைப்புகளில் பதிந்திருக்கும். ஒரு முறை எரித்த ஃபியூஸ் எரித்ததுதான், திரும்ப வராது. பூட்லோடர் தேறினால் அது கெர்னலைச் சோதிக்கும், கெர்னல் மற்றதைச் சோதிக்கும். இப்படிச் சங்கிலியாகப் போகும்.

கையொப்பமிடும் தனிச் சாவி உற்பத்தியாளரிடம் மட்டுமே இருக்கும். கெர்னலில் நீங்கள் ஒரே ஒரு வரியை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது, சாதனம் பூட் ஆகாது.

சரியாகச் செய்த பூட்டைக் கணக்குப் போட்டு உடைப்பது நடக்காத காரியம். பிளேஸ்டேஷன் 3-ன் பூட்டு உடைந்தது என்றால் அதற்குக் காரணம் சோனி செய்த பிழை. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை எடுக்க வேண்டும். அவர்கள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். அதிலிருந்து தனிச் சாவியையே கணக்கிட்டு எடுக்க முடியும் என்று ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழு 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் காட்டியது. இப்படிப்பட்ட பிழைகள் அபூர்வம். அவற்றை நம்பி நம் உரிமையை விட்டுவைக்க முடியாது.

எல்லோரும் டிவோ, டிவோ என்கிறார்களே, அது என்ன கதை?

டிவோ 1999-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு பெட்டி. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஹார்டு டிஸ்கில் பதிவு செய்து வைத்து, வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். உள்ளே ஓடியது லினக்ஸ். கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் வருவதால், தான் மாற்றிய கெர்னலின் மூல நிரலை டிவோ நிறுவனம் வெளியிட்டது. உரிமத்தை அது மீறவில்லை என்பதையே ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் ஏற்றுக்கொண்டது.

முதல் தலைமுறைப் பெட்டிகளைப் பலர் திறந்து பெரிய டிஸ்க் போட்டார்கள், நெட்வொர்க் கார்டு சேர்த்தார்கள், மென்பொருளில் கை வைத்தார்கள். பிந்தைய தலைமுறைகளில் பெட்டி தன் மென்பொருளின் கையொப்பத்தைச் சோதிக்க ஆரம்பித்தது. டிவோ கொடுத்த அதே மூல நிரலை மாற்றி ஏற்றினால் பெட்டி வேலை செய்யாது. பதிவான நிகழ்ச்சிகள் பெட்டியை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்பது நிறுவனத்தின் கவலை. ஸ்டால்மன் இந்த நடைமுறைக்கு டிவோவின் பெயரையே வைத்தார். நம்மவர்கள் இதை டிவோவாக்கம் என்று எழுதுகிறார்கள்.

உரிமத்தின் ஒவ்வொரு வரிக்கும் கட்டுப்பட்டுக்கொண்டே அதன் நோக்கத்தை இல்லாமல் செய்துவிட முடியும் என்று முதலில் பளிச்செனக் காட்டியது இந்தப் பெட்டிதான். இன்றைய ஸ்மார்ட் டிவிகளும் போன்களும் பெரும்பாலும் அதே வழியில்தான் போகின்றன.

ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு இதைத் தடுக்கிறதா?

தடுக்கிறது, சில எல்லைகளோடு. முதல் வரைவு 2006 ஜனவரியில் வந்தது. நான்கு வரைவுகள், ஒன்றரை ஆண்டு விவாதம். 2007 ஜூன் 29-ல் இறுதி வடிவம் வெளியானது.

இதில் முக்கியமானது 6-ஆம் பிரிவு. வீட்டு உபயோகப் பொருள் ஒன்றில் ஜிபிஎல் 3 மென்பொருளைப் போட்டு விற்றால், மூல நிரலோடு நிறுவல் தகவலையும் கொடுக்க வேண்டும். மாற்றிய மென்பொருளை அதே பொருளில் ஏற்றி ஓட்டத் தேவையான முறைகள், சாவிகள் எல்லாம் அதில் அடங்கும். மாற்றியிருக்கிறார்கள் என்பதற்காகவே அந்த மென்பொருள் ஓடாமல் நிற்கக் கூடாது. 3-ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தை அடைக்கிறது: இந்த உரிமத்தில் வரும் நிரலைப் பூட்டாகப் பயன்படுத்திவிட்டு, உடைத்தவர் மேல் டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தடுக்கும் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் ரோமில் எழுதப்பட்டு, தயாரித்தவராலேயே மாற்ற முடியாது என்றால் நிறுவல் தகவல் தேவையில்லை. மாற்றிய மென்பொருளுக்கு உத்தரவாதமோ அப்டேட்டோ தரும் கடமை விற்றவருக்கு இல்லை. மாற்றம் நெட்வொர்க்கின் இயக்கத்தையே கெடுத்தால் இணைப்பை மறுக்கலாம். இவையெல்லாம் நியாயமானவை.

எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு. மூன்றாம் வரைவிலிருந்து இந்தக் கடமை வீட்டு உபயோகப் பொருள்களோடு சுருங்கிவிட்டது. தொழில் நிறுவனங்களுக்காகவே செய்யப்படும் கருவிகள் இதில் வராது. அந்தக் கருவிகளை வாங்குவதில் மருத்துவமனையும் நகராட்சியும் உண்டு. பூட்டால் அவர்களுக்கு வரும் நஷ்டம் வீட்டில் டிவி பார்ப்பவருக்கு வருவதைவிடக் குறைவில்லை.

அப்படியானால் லினக்ஸ் கெர்னல் ஏன் மூன்றாம் பதிப்புக்கு மாறவில்லை?

கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அதில் விருப்பமில்லை என்பது முதல் காரணம். அவருடைய வாதத்தை நேர்மையாகச் சொன்னால் இப்படி இருக்கும்: நான் நிரலைக் கொடுக்கிறேன், பதிலுக்கு நீ செய்த மாற்றங்களை எனக்குக் காட்டு, அது போதும். உன் வன்பொருளை நீ எப்படி வடிவமைக்கிறாய் என்பது உன் பாடு. பூட்டிய பெட்டி பிடிக்காதவர்கள் வாங்காமல் இருக்கட்டும். டிவோ செய்ததில் தவறில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 2006 செப்டம்பரில் கெர்னலின் முன்னணி டெவலப்பர்கள் சிலர் மூன்றாம் பதிப்பின் வரைவை எதிர்த்துக் கூட்டறிக்கையும் விட்டார்கள்.

இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. பல திட்டங்கள் தங்கள் நிரலை ‘இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது’ என்று வெளியிடும். கெர்னல் மொத்தமும் இரண்டாம் பதிப்பில் மட்டுமே வருகிறது. பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. சிலர் இறந்துவிட்டார்கள், பலருடைய உரிமை அவர்கள் வேலை செய்த நிறுவனங்களிடம் இருக்கிறது. இத்தனை பேரிடமும் சம்மதம் வாங்கி மாற்றுவது நடக்காது.

டோர்வால்ட்ஸின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மாற்றங்கள் திரும்ப வந்தால் போதும் என்பது நிரல் எழுதுபவரின் பார்வை. பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் அதில் இல்லை. பூட்டிய பெட்டி பிடிக்காதவர் வேறு வாங்கட்டும் என்பதும், கடையில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் பூட்டியவையாக ஆகும்வரைதான் சரி. இன்று டிவி வாங்கப் போகிறவருக்கு அப்படி ஒரு மாற்று ஏறக்குறைய இல்லை.

பழைய ஜிபிஎல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதா?

நிறையச் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். இரண்டாம் பதிப்பின் 3-ஆம் பிரிவில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு. முழு மூல நிரல் என்றால் அதில் கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் அடங்கும் என்கிறது அந்த வரி. சாவியைக் கொடு என்று அது சொல்வதாக எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் நிறுவும் வழியையே காட்டாமல் வெறும் சி கோப்புகளை வீசிவிட்டுப் போக முடியாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

நல்ல உதாரணம் லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டர். 2002-ன் இறுதியில் வந்தது. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது, மூல நிரல் தரப்படவில்லை என்பதை 2003-ல் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டுதான் சிஸ்கோ லிங்க்ஸிஸை வாங்கியிருந்தது. அழுத்தம் கூடியதும் மூல நிரல் வெளியானது. ரூட்டரில் பூட்டும் இல்லை. விளைவு, ரூட்டர்களுக்கான திறந்த மூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004-ல் பிறந்தது. இன்று அது மிகப் பல ரூட்டர் மாடல்களில் ஓடுகிறது. நிறுவனம் கைவிட்ட ரூட்டருக்குக்கூடப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. நிரலும் வெளியே வந்து, சாதனமும் பூட்டாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2005-ல் அதே ரூட்டரின் ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்தைப் போட்டார்கள். லினக்ஸ் வேண்டுபவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் விற்றார்கள். அந்த ஜிஎல் மாடல் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது.

நீதிமன்றங்களும் உதவியிருக்கின்றன. ஜெர்மனியில் லினக்ஸ் டெவலப்பர் ஹரால்ட் வெல்ட் 2004-ல் மியூனிக் நீதிமன்றத்தில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக ஜிபிஎல்லை நிலைநாட்டினார். 2011-ல் பெர்லின் நீதிமன்றத்தில் வந்த வழக்கு நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர்களைச் செய்யும் ஏவிஎம், தன் ரூட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது சாதனத்துக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றிய சைபிட்ஸ் என்ற நிறுவனத்தைத் தடுக்கப் பார்த்தது. ஃபர்ம்வேரில் இருக்கும் ஜிபிஎல் பகுதிகளை மாற்றி நிறுவுவதை ஏவிஎம் தடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2021 அக்டோபரில் விஸியோ டிவி நிறுவனத்தின் மேல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. நிரல் எழுதியவராக இல்லாமல், டிவி வாங்கிய நுகர்வோராக நின்று மூல நிரலைக் கேட்டது அதில் புதுமை.

மூன்றாம் பதிப்பைக் கண்டு நிறுவனங்கள் ஒதுங்குகின்றனவா?

ஆம். ஆப்பிளைப் பாருங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் பயன்படும் பாஷ் ஷெல் நான்காம் பதிப்பிலிருந்து ஜிபிஎல் 3-க்குப் போனது. ஆப்பிள் 3.2-லேயே நின்றுவிட்டு, 2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலினாவில் இயல்பு ஷெல்லை இஸட்எஸ்எச் ஆக மாற்றியது. ஜிசிசி கம்பைலரிலும் ஜிபிஎல் 2-ல் வந்த கடைசிப் பதிப்பான 4.2.1-ஓடு நிறுத்திக்கொண்டு கிளாங் என்ற வேறு கம்பைலருக்கு நகர்ந்தது. கார் தொழிலிலும் ஜிபிஎல் 3 நிரல் உள்ளே வந்துவிடாமல் வடிகட்டுவது வழக்கமாகிவிட்டது.

இதைக் காட்டி, கடுமையான உரிமம் தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பூட்ட நினைப்பவர் அந்த நிரலைத் தொட முடியவில்லை என்றால், உரிமம் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி உரிமங்களில் என்ன நிலை?

பூட்டைப் பற்றி இந்தத் தளர்வான உரிமங்கள் ஒன்றும் சொல்வதில்லை. மூல நிரலையே கொடுக்கத் தேவையில்லை. சோனி பிளேஸ்டேஷன் 4-ன் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது. அதை வாங்கியவர்களுக்கு அதனால் கிடைத்த சுதந்திரம் எதுவுமில்லை.

இன்டெல் சிப்செட்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று ஒரு தனிக் கணினியே ஒளிந்திருக்கிறது. நம் இயங்குதளத்துக்கு அடியில் ஓடும் அதன் ஃபர்ம்வேரில் இன்டெலின் கையொப்பம் இருந்தாக வேண்டும். அதன் புதிய பதிப்புகளில் ஓடுவது மினிக்ஸ் என்ற இயங்குதளம் என்று 2017-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் இன்டெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பிஎஸ்டி உரிமப்படி சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றாலும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். கணினிகளைப் பாடமாகப் படிக்க எழுதப்பட்ட நிரல், படிக்கவே முடியாத ஒரு மூலையில் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இது வருத்தமான விஷயம்.

பூட்டு பாதுகாப்புக்குத்தானே? தீய மென்பொருள் நுழையாமல் தடுக்கிறதே?

தடுக்கிறது, மறுக்கவில்லை. பூட் ஆகும்போதே கையொப்பம் பார்ப்பது நல்ல தொழில்நுட்பம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீட்டைக் கட்டிக் கொடுத்த மேஸ்திரி பூட்டையும் மாட்டி, சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போனால், திருட்டைத் தடுக்கத்தான் செய்தேன் என்று அவர் சொல்வதை ஏற்போமா?

சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டும் பாதுகாப்பாக இருக்கலாம். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, இன்டெல், ஏஎம்டி கணினிகளில் பூட் ஆகும்போது கையொப்பம் பார்க்கும் செக்யூர் பூட் இருக்க வேண்டும், ஆனால் அதைப் பயனர் அணைக்கவும் தன் சாவியைச் சேர்க்கவும் வழி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. அதே நிறுவனம் ஏஆர்எம் சிப் உள்ள கணினிகளுக்கு நேர்மாறாக, அணைக்கவே கூடாது என்றது. அதனால் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுகளுக்கு வேறு இயங்குதளம் ஏற்ற முறையான வழி கிடையாது. விண்டோஸ் ஆர்டிக்கான ஆதரவு 2023 ஜனவரியில் முடிந்துபோனது.

லினக்ஸ் பக்கத்தில் மேத்யூ காரெட் ஷிம் என்ற சிறு பூட்லோடரை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் அதில் கையொப்பமிடுகிறது, அதற்குமேல் நம் சாவியை நாமே சேர்த்துக்கொள்ளலாம். இதனால்தான் செக்யூர் பூட்டை அணைக்காமலே உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களை நிறுவ முடிகிறது. உதவிதான். ஆனாலும் நம் கணினியில் நம் இயங்குதளம் ஏற இன்னொரு நிறுவனத்தின் கையொப்பம் தேவைப்படுகிறது என்பது உறுத்துகிறது. விண்டோஸ் 10 காலத்தில், அணைக்கும் வசதி தருவதா வேண்டாமா என்பது கணினித் தயாரிப்பாளரின் விருப்பம் என்று ஆகிவிட்டது.

இன்னொரு நல்ல முன்மாதிரி கூகுள் பிக்சல் போன்கள். பூட்லோடரைத் திறந்து, கிராஃபீன்ஓஎஸ் போன்ற வேறு இயங்குதளம் ஒன்றை ஏற்றி, அதன் சாவியோடு மறுபடியும் பூட்டலாம். பாதுகாப்பும் குறைவதில்லை. அமெரிக்காவில் சில தொலைபேசி நிறுவனங்கள் விற்கும் பிக்சல்களில் மட்டும் இது முடியாது.

என் போனின் பூட்லோடரைத் திறந்தால் எதையெல்லாம் இழப்பேன்?

முதலில் போனில் இருக்கும் தரவு முழுவதும் அழியும். இது திருடன் கையில் போன் சிக்கினாலும் தரவு அவனுக்குக் கிடைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு, நல்லதுதான். சாம்சங் போன்களில் வேறு மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் பாதுகாப்பு அமைப்பின் ஃபியூஸ் எரிந்து, சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் போன்றவை நிரந்தரமாக நின்றுவிடும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் வராது.

நம் ஊர்ப் பயனர்களை அதிகம் பாதிப்பது, போனின் மென்பொருள் மாற்றப்பட்டதா என்று ஆப்புகளுக்குச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை. பூட்லோடர் திறந்திருந்தால் போன் அதில் தேறாது. வங்கி ஆப், யுபிஐ ஆப் பலவும் அதைப் பார்த்து மறுத்துவிடும். டீக்கடைவரை யுபிஐயில் பணம் கொடுக்கும் நாட்டில் இது லேசான இழப்பு இல்லை. சட்டமும் தடுக்கவில்லை, உரிமமும் தடுக்கவில்லை. இருந்தும் மாற்றிய மென்பொருளோடு அன்றாட வாழ்க்கையை ஓட்ட முடியாமல் போகிறது. வருங்காலப் பூட்டுகள் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

சில நிறுவனங்கள் திறக்கவே விடுவதில்லை. ஹுவாவே 2018-ல் பூட்லோடரைத் திறக்கும் குறியீடுகள் தருவதை நிறுத்தியது. பூட்லோடர் திறக்க முடியாது என்றால் வேறு ஃபர்ம்வேருக்கு முறையான வழி இல்லை. போன் எத்தனை ஆண்டு பாதுகாப்பாக இருக்கும் என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது.

வாங்கும்போது திறந்திருந்ததை, பிறகு பூட்ட முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதில் லினக்ஸ் நிறுவ சோனியே வசதி கொடுத்திருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஎஸ்3-களை இணைத்து ஒரு சூப்பர் கணினியே கட்டியது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட் செய்யாவிட்டால் ஆன்லைனில் விளையாட முடியாது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், பல ஆண்டுகள் கழித்து இழப்பீட்டோடு சமரசம் ஆனது. எடுத்த வசதி எடுத்ததுதான்.

பூட்டை உடைப்பது குற்றமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1998-ன் டிஎம்சிஏ சட்டம், 1201-ஆம் பிரிவு. பதிப்புரிமையை மீறும் எண்ணம் இல்லாவிட்டாலும் பூட்டை உடைப்பதே தவறு என்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை விலக்குகள் அறிவிப்பார்கள். 2010-ல் போன்களை ஜெயில்பிரேக் செய்யலாம், அதாவது உற்பத்தியாளர் போட்ட மென்பொருள் கட்டுப்பாட்டை நீக்கலாம் என்று விலக்கு வந்தது. 2015-ல் கார், டிராக்டர் பழுது பார்க்க விலக்கு வந்தது. வேறு நெட்வொர்க்குக்கு மாற்றப் போனை அன்லாக் செய்யும் விலக்கை 2012-ல் புதிய போன்களுக்குத் தராமல் விட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 2014-ல் தனிச் சட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்கள். தன் சொத்தைத் தான் பழுது பார்க்க ஒரு விவசாயி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியச் சட்டம் இதில் எவ்வளவோ மேல். 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் தண்டனை என்கிறது. இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. 52-ஆம் பிரிவோ, முறையாக மென்பொருளை வைத்திருப்பவர் அது இயங்கும் விதத்தைக் கவனித்து ஆராய்வதற்கும், வேறு மென்பொருளோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கும் இடம் தருகிறது. இது பொதுவான விளக்கம்தான். உங்கள் விஷயத்தில் பணமோ தொழிலோ மாட்டியிருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

வைஃபை ரூட்டர்களை அரசே பூட்டச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்?

ரேடியோ அலையின் சக்தி வரம்பை யாரும் தாண்டக் கூடாது என்பதற்காக அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதிகள் கொண்டுவந்தது. ரேடியோவை மட்டும் பூட்டுவது கடினம் என்று சில நிறுவனங்கள் ரூட்டரையே பூட்ட முனைந்தன. 2016 ஆகஸ்டில் சக்தி வரம்பை மீறியதற்காக டிபி-லிங்க் 2,00,000 டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், விதியையும் காப்பாற்றிக்கொண்டு வெளியார் ஃபர்ம்வேரையும் அனுமதிக்கும் வழியைத் தேட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று இப்படிக் கேட்டது அரிது.

பிளாப் என்பதும் பூட்டுதானா?

வேறு வகை. வைஃபை, கிராஃபிக்ஸ் சிப்புகளுக்குள் ஏறும், மூல நிரல் இல்லாத ஃபர்ம்வேர் கோப்பைத்தான் பிளாப் என்கிறோம். இவை இல்லாமல் இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபைகூட வராது. லினக்ஸ் வழங்கலான டெபியன் இதை 2022-ல் வாக்கெடுப்புக்கு விட்டு, 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியிலேயே சேர்த்துக்கொண்டது. கொள்கை தளர்ந்ததே என்று வருந்தியவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் புதியவர் ஒருவர் முதல் நாளே வைஃபை இல்லாமல் தவித்து விண்டோஸுக்கே திரும்பிப் போவதை நினைத்தால், டெபியன் எடுத்தது சரியான முடிவு என்றே படுகிறது.

‘மூல நிரல் பார்க்கலாம்’ என்று வரும் புதிய உரிமங்கள்?

தரவுத்தள மென்பொருளான மோங்கோடிபி 2018-ல் எஸ்எஸ்பிஎல் உரிமத்துக்கும், சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மைச் செய்யும் ஹாஷிகார்ப் 2023-ல் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கும் மாறின. நிரல் கண்ணுக்குத் தெரியும், பயன்பாட்டுக்கு நிபந்தனை உண்டு. இவை திறந்த மூல உரிமங்கள் இல்லை. டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு கிளை பிரிந்தது. உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலை யாராலும் திரும்பப் பறிக்க முடியாது என்பதால் அது சாத்தியமானது.

சாதனம் வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

ரூட்டர் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியின் வன்பொருள் பட்டியலில் மாடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் இருக்கும். போன் என்றால், ஆண்ட்ராய்டின் திறந்த மூல வடிவமான லினியேஜ்ஓஎஸ் ஆதரிக்கும் மாடல்களின் பட்டியலைப் பாருங்கள், பூட்லோடரைத் திறக்க நிறுவனம் முறையான வழி தருகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் செக்யூர் பூட்டை அணைக்கவும் சொந்தச் சாவி சேர்க்கவும் பயாஸில் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு கையேட்டின் கடைசிப் பக்கங்களையோ ‘சட்டத் தகவல்’ மெனுவையோ திறந்து ஜிபிஎல் அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். கேட்டால் மூல நிரலைத் தருவோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்திருந்தால், இரண்டாம் பதிப்பின்படி அது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு எண் இரண்டையும் குறிப்பிட்டு, நிறுவும் ஸ்கிரிப்டுகளோடு முழு மூல நிரல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். ஒருவர் கேட்டு வாங்கிய நிரல்தான் பிறகு பலருக்கும் பயன்படுகிறது.

நான் டெவலப்பர். என் நிரலுக்கு எந்த உரிமம் போடுவது?

சாதனங்களுக்குள் போகக்கூடிய நிரல் என்றால், அது பூட்டிய பெட்டிக்குள் போவதில் உங்களுக்கு வருத்தமில்லையா என்று முதலில் யோசியுங்கள். வருத்தமில்லை என்றால் எம்ஐடியோ அப்பாச்சியோ போதும். வருத்தம் உண்டென்றால் ஜிபிஎல் 3. சர்வரில் வைத்துச் சேவையாக ஓட்டக்கூடிய நிரல் என்றால் ஏஜிபிஎல். நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துபவருக்கும் மாற்றிய மூல நிரலைக் காட்ட வேண்டும் என்று அது கேட்கிறது.

ஜிபிஎல் 2 போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் ‘அல்லது அதற்குப் பிந்தையது’ என்ற சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். பல பேர் பங்களித்த பிறகு அவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கெர்னல் விஷயத்தில் பார்த்தோம். உரிமக் கோப்பைத் திட்டத்தின் முதல் கமிட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.